டீக்கு விழுந்த ஓட்டு

மாநகராட்சி மன்றத்தில் மேஜையைத் தட்டியே தீர்மானம் நிறைவேற்றிய காலம் அது. மன்ற வாசலில் செல்லக்கிளியக்காவின் டீக்கடை மணக்கும். தன் புதுக் காரை நிறுத்த அந்த இடம் வேண்டுமென்று மேயர் தணிகாசலம் கடையைத் தூக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்.

"மன்றமே ஒண்ணா நின்னு கடை வேணும்னா விட்டுடுவீங்களா ஐயா?" என்றாள் அக்கா.

"இவங்க எதுல ஒத்துப்போயிருக்காங்க? போனா விட்டுடறேன்!" என்று சிரித்தார் மேயர்.

கூட்டத்தன்று டீ நேரம் தாண்டியும் டீ வரவில்லை. ஆளுங்கட்சி கொட்டாவி விட்டது. எதிர்க்கட்சி வாசலையே பார்த்தது. அக்கா வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"கடை இருந்தாத்தான் டீ. கடை வேணுங்கிறவங்க மேஜையைத் தட்டுங்க!"

மன்றம் அதிர்ந்தது. பலமாகத் தட்டியது மேயரின் கைதான்.

இப்போது அங்கே மெஷின் டீ. அந்த ஒற்றுமையைத்தான் காணோம்.