கண்ணிக்கு ஒரு முருகா

“சாமி, பதினோராம் தடவையும் பிரிச்சிட்டேன்.”

வந்ததும் வராததுமாக வேதநாயகி இதைத்தான் சொன்னாள். கையிலிருந்த துணிப்பையைக் கவிழ்த்தாள். இரண்டு பின்னல் ஊசிகளும் ஒரு உல்லன் நூல்கண்டும் பாயில் விழுந்தன. பின்னிப் பிரித்துப் பின்னிப் பிரித்து, நூல் சுருட்டை முடி மாதிரி நெளிந்து போயிருந்தது.

சாமி பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயது. வேதநாயகிக்கு ஐம்பத்தேழு. ஆனாலும் அவரிடம்தான் அவள் உபதேசம் வாங்கியிருந்தாள். மலைமேல் காபித் தோட்டத்திலிருந்து ஒரு மைல் இறங்கி, செவ்வாய்க்கிழமை தவறாமல் ஆசிரமத்துக்கு வந்துவிடுவாள்.

“எதுக்கும்மா பிரிச்சீங்க? அளவு தப்பா?”

“அளவு சரியாத்தான் இருந்தது. முருகா விட்டுப் போச்சு.”

“புரியலையே.”

“கண்ணிக்கு ஒரு முருகா சொல்லிப் பின்னறேன்னு வேண்டிக்கிட்டேன் சாமி. ஊசி ஒரு தடவை நூலை இழுத்தா ஒரு முருகா. நடுவுல மனசு எங்கேயோ போயிடுது. திரும்பி வந்து பார்த்தா நாலு கண்ணி சும்மா கிடக்குது. எந்த நாலுன்னும் தெரியலை. அதான் மொத்தத்தையும் பிரிச்சிடறேன்.”

ஆசிரமத்தில் சமைக்கிற கோவிந்தம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“முருகன் பாவம், நாயகி. உன் ஊசியில ஏறி இறங்கியே இளைச்சுப் போயிருப்பான்.”

“நீ போய் அடுப்பைப் பாரு.”

சாமி சிரிக்கவில்லை.

“பிள்ளை எப்படி இருக்குது?” என்று கேட்டார்.

வேதநாயகியின் கண் கலங்கிவிட்டது.

அவளுடைய தம்பி கதிர்வேலுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். அவன் குழந்தையோ எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. ஒன்றரைக் கிலோகூட இல்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பத்தாறு நாளாகக் கிடக்கிறது.

பிறந்த பிள்ளைக்கு முதல் சட்டையை அத்தைதான் போடவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அத்தை கொண்டுவரும்வரை வேறு யாரும் போட மாட்டார்கள். ஆஸ்பத்திரித் துணியைச் சுற்றித்தான் இன்னும் வைத்திருந்தார்கள்.

“தேறிடுச்சுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க சாமி. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்க. மார்கழிக் குளிர்ல மலை ஏறி வருது. என் கையில ஒரு வரிசைகூட இல்லை.”

“போன வருஷம் தபால்காரர் பையனுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினீங்களே. அதுல எத்தனை முருகா?”

“அது சீரியல் பார்த்துக்கிட்டே பின்னினது.”

“அந்தப் பையன்?”

“அவனுக்கென்ன?” என்றாள் கோவிந்தம்மா. “சட்டையே போடாம தெருவெல்லாம் ஓடறான். பிடிச்சு நிறுத்த ஆள் இல்லை.”

“அது வேற சாமி. அவன் பிறக்கறப்பவே மூணரைக் கிலோ.”

“சரி. நாலு கண்ணி சும்மா இருந்தா என்ன ஆயிடும்?”

வேதநாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயம் தெரிந்த மனுஷர், இதைப் போய்க் கேட்கிறாரே?

“ஓட்டைதானே சாமி அது? அந்த வழியா குளிர் உள்ளே போயிடாதா?”

“யார் சொன்னாங்க?”

“இதை ஒருத்தர் வந்து சொல்லணுமா?”

சாமி மொச்சைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“இங்கேயே உக்காந்து பின்னுங்க. மனசு போச்சுன்னா, எங்கே போச்சுன்னு வாய்விட்டுச் சொல்லுங்க.”

“சொல்லிட்டுப் பிரிச்சிடவா?”

“சொன்னா போதும். பிரிக்கறதை நான் பாத்துக்கறேன்.”

அவள் முதல் வரிசை போட்டாள். உதடு அசைந்தது. மூன்று வரிசை நன்றாகப் போயிற்று.

“போச்சு சாமி.”

“எங்கே?”

“கால் விரலுக்கு. ஒரு ஜோடி காலுறையும் சேர்த்துப் பின்னினா என்னன்னு.”

“பின்னுங்க.”

கொஞ்ச நேரம் ஊசிச் சத்தம்.

“போச்சு சாமி.”

“எங்கே?”

“புறங்கைக்கு. ஊசி போட்டுப் போட்டு நீலம் பாரிச்சிருந்தது. சட்டைக் கையை அகலமா விட்டா அங்கே உரசாதேன்னு.”

“அகலமாவே விடுங்க.”

அடுத்த வரிசை முடியவில்லை.

“போச்சு.”

“இப்ப எங்கே?”

“தம்பி பொண்டாட்டிகிட்ட. அமுதாவுக்குப் பால் சரியா ஊறலை. நேத்து போன்ல ‘அண்ணி, அண்ணி’ன்னு ஒரே அழுகை. பூண்டு உரிச்சுக் குடுத்து விடணும்.”

“இவ மனசு டவுன் பஸ் மாதிரி சேலத்துக்கும் மலைக்கும் போய் வருது சாமி,” என்றாள் கோவிந்தம்மா. “டிக்கெட்தான் கிழிக்கலை.”

வேதநாயகிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பின்னினாள். முதுகுப் பக்கம் ஒரு சாண் வளர்ந்துவிட்டது.

அதற்குமேல் கை ஓடவில்லை. ஊசி அந்தரத்தில் நின்றது.

“போச்சா?” என்றார் சாமி.

தலையை மட்டும் ஆட்டினாள்.

“எங்கே?”

“வேண்டாம் சாமி.”

“சொல்லுங்கம்மா.”

“அது வாயில வரக்கூடாது.”

அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது.

“பிள்ளை தங்காம போயிட்டா இதை என்ன பண்றதுன்னு நினைச்சேன்.”

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பதினோரு தடவையும் இதேதான் சாமி. மத்ததெல்லாம் நினைச்சா மறுபடி முருகாவுக்கு வந்துடுவேன். முதுகு முடியற நேரத்துக்கு இது வந்து எதிர்ல நின்னுடும். இதையும் சேர்த்துப் பின்னி அந்தப் பிள்ளைக்கு எப்படிப் போடறது? சொந்த அத்தை நினைக்கிற நினைப்பா இது?”

அவள் கை தானாக நூலை இழுக்கப் போயிற்று.

சாமி நூலின்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டார்.

“ரெண்டு ஆள் வேலையை ஒரே ஆள் பாக்கறீங்க. முருகாவை நான் சொல்லிக்கறேன். நீங்க பிள்ளையைப் பாத்துக்குங்க.”

“நீங்களா?”

“உங்க ஊசி அசையறதைப் பாத்துச் சொல்றேன். கண்ணிக்கு ஒண்ணு.”

“இந்த நினைப்பு திரும்ப வந்தா?”

“வந்தா வரட்டும். பிள்ளையோட வந்ததுதானே அதுவும்.”

சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “முருகா,” என்றார்.

ஊசி அசைந்தது.

“முருகா.”

அசைந்தது.

வேதநாயகி குழந்தையை நினைத்தாள். பயந்தாள். காது யார் மாதிரி வரும் என்று யோசித்தாள். மறுபடி பயந்தாள். கை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. முப்பத்தாறு நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது. “கோவிந்தம்மா, சோறு ஆயிடுச்சா?” என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம்வரை பின்னினாள். புதன்கிழமையும் ஆசிரமத்துக்கு வந்து, சாமி முருகா சொல்லச் சொல்ல நாள் முழுக்கப் பின்னினாள். வியாழன் மதியம் நூலை அறுத்து முடிச்சுப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து வந்த ஜீப் ஆசிரமத்து வாசலில் நின்றது. கதிர்வேலும் அமுதாவும் இறங்கினார்கள். பின்னால் வேதநாயகி, நெஞ்சோடு குழந்தையை அணைத்துக்கொண்டு. ஸ்வெட்டர் கொஞ்சம் பெரிதுதான். உள்ளே குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது.

கோவிந்தம்மா நெட்டி முறித்தாள். “அடி என் தங்கமே, மூக்கைப் பாரு, அப்படியே அத்தைக்காரி மூக்கு. பாவம், யாரு என்ன பண்ண முடியும்!”

சாமி கிட்டே வந்து பார்த்தார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் கும்பிட்டார்.

வேதநாயகி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சாமி, தப்பா நினைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒரு கண்ணிகூட விடலையே?”

சாமி தலையைச் சொறிந்தார்.

“புதன்கிழமை விட்டுட்டேம்மா. கால் மரத்துப் போச்சு. நாலைஞ்சு வரிசைக்கு முருகன் இல்லை, முழங்கால்தான்.”

“சாமி! எந்த நாலைஞ்சு?”

“அது தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?”

வேதநாயகி அவசர அவசரமாகக் குழந்தையின் பிடரிக்குக் கீழே விரலை விட்டுத் துழாவினாள்.

விரல் ஈரமாக வந்தது.

வேர்த்திருந்தது.

“ஐயோ, இதுக்குப் புழுங்குதே,” என்று மேல் பட்டனைக் கழற்றிவிட்டாள்.