பாகன் சம்பாத்தியத்துக்கு இரண்டு வரி

செங்காட்டூர் ராஜ்யத்தில் மாசிலான் என்று ஒரு யானைப்பாகன் இருந்தான். கடல் தாண்டிப் போய், கருவாத்தீவு ராஜாவிடம் ஆறு வருஷம் யானை பழக்கிவிட்டு ஊர் திரும்பினான். கப்பலை விட்டு இறங்கிய காலில் ஈரம் காயவில்லை, அதற்குள் பொக்கிஷதார் அனந்தப்பரின் ஆட்கள் அவனைச் சபைக்கு இழுத்து வந்துவிட்டார்கள்.

அனந்தப்பர் லேசுப்பட்டவர் இல்லை. எறும்பு இழுத்துப்போகிற நொய்க்கும் சுங்கம் கேட்கிற ஆசாமி.

"தீவில் நூற்றிருபது பொன் சம்பாதித்திருக்கிறான், அரசே. ஆறில் ஒரு பங்கு, இருபது பொன் கட்டவேண்டும்" என்றார்.

மாசிலான் கையெடுத்துக் கும்பிட்டான். "சாமி, அந்த ராஜா அங்கேயே முப்பது பொன் வரி வாங்கிட்டாரு. கையில இருக்கிறது தொண்ணூறு. வீட்டு அடகை மீட்கவே எண்பது வேணும். இன்னும் இருபது குடுத்தா பெண்டாட்டி பிள்ளைங்களோட தெருவுலதான் நிக்கணும்."

"அங்கே கொடுத்தது உன் பாடு. நம் குடிமகன் எங்கே போனாலும் நம் ராஜ்யத்துக்குள் இருப்பதாகத்தான் அர்த்தம்" என்றார் அனந்தப்பர்.

அரசர் வீரமாறனுக்கு அது நியாயமாகவே பட்டது. பொக்கிஷம் வேறு அப்போது கொஞ்சம் இளைத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து எழுந்தார் சபையின் விகடகவி கூத்தபிரான். வாயைத் திறந்தால் யாருக்காவது வில்லங்கம் என்று சபையில் பேர் எடுத்தவர்.

"பொக்கிஷதார் சொல்வது முழுக்கச் சரி. வரியை வாங்கிவிடுங்கள்" என்றார்.

இருந்த ஒரு நம்பிக்கையும் போயிற்றே என்று மாசிலானுக்கு அழுகை வந்தது.

"கூடவே ஒரு களவு வழக்கும் இருக்கிறது" என்று தொடர்ந்தார் கூத்தபிரான். "இவன் நம் ராஜ்யத்துக்குள்ளேதான் இருந்தான் என்று முடிவாகிவிட்டது. இங்கே வரி வாங்க உங்களைத் தவிர யாருக்கு உரிமை? ஆக, எவனோ ஒருவன் இவனிடம் முப்பது பொன்னைப் பறித்திருக்கிறான்."

செங்காட்டூரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. குடிகளின் பொருள் களவுபோனால் கள்வனைப் பிடித்து மீட்டுத் தரவேண்டும். முடியாவிட்டால் பொக்கிஷம் ஈடு கட்டவேண்டும். மாடு தொலைத்தவனுக்கு அரசரே மாடு கொடுத்ததும் உண்டு.

"ஈடு முப்பது. அதில் வரி இருபதைக் கழித்துக்கொண்டு, மீதிப் பத்துப் பொன்னை இவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், அரசே."

அனந்தப்பர் அவசரமாகக் குறுக்கிட்டார். "கள்வன் யாரென்றுதான் தெரியுமே. பிடித்தால் போயிற்று. ஈடு எதற்கு?"

"அப்படியானால் நீங்களே போய்ப் பிடித்து வாருங்கள்" என்ற கூத்தபிரான், மாசிலான் பக்கம் திரும்பினார். "ஏனப்பா, அந்த அரண்மனையில் காவல் எப்படி?"

மாசிலானுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்: "வாசல்லயே அறுபது யானை நிக்குதுங்க. எல்லாம் நான் பழக்கினதுதான். தெரியாத ஆள் வந்தா மிதிக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன்."

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார்.

"பொக்கிஷதாரே, எப்போது கப்பல் ஏறுகிறீர்?" என்று கேட்டார்.

"அரசே, யோசித்துப் பார்த்தேன்" என்றார் அனந்தப்பர். "கருவாத்தீவு வேறு ராஜ்யம்தான்."