'ஆச்சு' என்ற முயல்

மலைச்சரிவில் காட்டுத்தீ பிடித்தது. தப்பிய விலங்குகள் குளக்கரையில் வந்து ஒதுங்கின. அவற்றுக்கு உணவு கொடுக்கும் வேலையை யானை ஒரு மந்தியிடம் ஒப்படைத்தது.

"கேட்காமல் கொடுக்காதே. வேண்டாம் என்றவரை வற்புறுத்தாதே. அவரவருக்கு மானம் இருக்கு" என்று சொல்லி அனுப்பியது யானை. நல்ல விதிதான், குறை சொல்ல முடியாது.

மந்தி கிழங்குக் கூடையோடு வளை வளையாகப் போனது. கடைசி வளையில் ஒரு முயல் தன் குட்டியோடு இருந்தது. தீயில் துணையைப் பறிகொடுத்த முயல் அது. மேலே சரிவில் இருந்தபோது, வந்தவர்க்கெல்லாம் கிழங்கு எடுத்து வைத்த கை.

மந்தி வாசலில் நின்று குரல் கொடுத்தது.

"என்னக்கா, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சும்மா. நீ சாப்பிட்டியா?"

"நானும் ஆச்சு. கிழங்கு வேணுமா?"

"எங்கிட்ட இருக்கும்மா. இல்லாதவங்களுக்குக் கொடு."

அக்கம்பக்கத்து வளைகளில் காதுகள் நீண்டிருந்தன. அத்தனை பேர் கேட்க, "இல்லை" என்று யார்தான் சொல்வார்கள்? வாசலில் நின்று கேட்டால் "ஆச்சு" என்றுதானே நம் வாயில் வரும்! இது மந்திக்குத் தெரியாதா? தெரியும். அதன் அம்மாவும் அப்படிச் சொல்லிச் சமாளித்ததுதான்.

வளையைச் சுற்றிப் புல் வேர்வரை மேயப்பட்டிருந்ததை மந்தி பார்த்தது. முயலின் காதுகள் தொங்கிக் கிடந்ததையும் பார்த்தது. மனசுக்கு என்னவோபோல் இருந்தது. 'வேண்டாம் என்றவரை வற்புறுத்தக் கூடாதே' என்று நகர்ந்துவிட்டது. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த நாளும் அப்படியே.

ஒரு காலையில் பதில் வரவில்லை. குட்டி முயல் மட்டும் எட்டிப் பார்த்தது.

"அம்மா எழுந்திரிக்க மாட்டேங்குது. கடைசிக் கிழங்கை எனக்குக் கொடுத்துட்டுப் படுத்துச்சு."

மந்தி உள்ளே ஓடியது. முயலின் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது. நிறைந்த கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்து மந்தி அழுதது. "பார்த்தேனே அக்கா. பார்த்துட்டும் போனேனே."

அழுகை அடங்கியதும் குட்டியிடம் ஒரு கிழங்கை நீட்டியது.

"எனக்குப் பசிக்கலை" என்றது குட்டி. அம்மாவின் அதே குரல்.

மந்தி வற்புறுத்தவில்லை. யார் கண்ணிலும் படாமல் கூடையை வளையின் உள்மூலைக்கு இழுத்து வைத்தது. கிழங்கை இரண்டாக உடைத்தது.

"எனக்குப் பசிக்குது கண்ணு. தனியாச் சாப்பிட்டா இறங்காது. கொஞ்சம் கூட உட்காரேன்."

குட்டி தயங்கியது. பிறகு நெருங்கி உட்கார்ந்து தின்றது.

நீதி: உதவப் போகிறவருக்கு விதி மட்டும் தெரிந்தால் போதாது, எதிரே இருப்பவரின் 'ஆச்சு' எப்போது 'இல்லை' என்று பொருள்படும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.