யாக்கோபு செய்து கொடுத்த அங்கி

ஞானசிகாமணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் வேதம் கற்க வந்தார். கற்றுக்கொடுத்த போதகர் தேவகிருபைக்கு அவருடைய பாதி வயதுகூட இருக்காது. கேள்வி கேட்டே அந்த அம்மாவை ஒரு வழி பண்ணிவிடுவார்.

அன்று வகுப்பு இல்லை. வீட்டில் கடைசிப் பிள்ளையின் உடலைக் கிடத்திவிட்டு போதகரிடம் வந்திருந்தார். ஆணாகப் பிறந்து, பெண்ணாக வாழ்ந்து, ஜெபமலர் என்று பெயர் வைத்துக்கொண்ட பிள்ளை. வீட்டை விட்டுத் துரத்தியவர் இவர்தான்.

கையிலிருந்த பையில் பச்சைப் பட்டுச் சேலை.

"அவன் கூட்டாளிமாரு கொண்டாந்தாவ. இதத்தான் உடுத்தி அடக்கம் பண்ணணுமாம். மூத்தவனுவ வேட்டி சட்ட எடுத்து வச்சிருக்கானுவ. யாரு பக்கம் நிக்கன்னு தெரியல."

போதகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

"போன வாரம் பாதியில விட்டிய. யோசேப்புக்கு அவன் அப்பா யாக்கோபு குடுத்த அங்கி எப்படிப்பட்டதும்மா?" என்று கேட்டார் ஞானசிகாமணி.

"மூல மொழியில அந்த உடுப்போட பேரு இன்னும் ஒரே ஒருத்தருக்குத்தான் வருது ஐயா. தாவீது ராஜாவோட மகளுக்கு. ராஜா வீட்டுக் கன்னிப் பொண்ணுங்க அதத்தான் உடுத்துவாங்கன்னு எழுதியிருக்கு."

"அப்ப யோசேப்பு உடுத்தினது பொம்பளப்பிள்ளைய போடுற உடுப்பா?"

"அப்படி வாசிக்கிறவங்க உண்டு. நானும் அப்படித்தான் வாசிக்கிறேன்."

"யாக்கோபுக்கு அது தெரியுமா?"

"அவர்தானே ஐயா செஞ்சு கொடுத்தார்."

ஞானசிகாமணி வாய்விட்டு அழுதார்.

"நான் ஒரு பொட்டுகூட வாங்கிக் குடுக்கலியே."

தேவகிருபை இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யோசேப்போட அண்ணன்மாரு என்ன செஞ்சானுவ?" என்று ஞானசிகாமணியே கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை.

"பொறாமையில அவனக் குழியில போடுறதுக்கு முன்னால அந்த அங்கியத்தான் உருவினாங்க. பிறகு அத ரத்தத்துல தோச்சு, அப்பாகிட்ட அனுப்பி ஒரு கேள்வி கேட்டாங்க."

போதகர் பையிலிருந்து சேலையை எடுத்து அவர் மடியில் விரித்து, அதே கேள்வியைக் கேட்டார்.

"இது உங்க பிள்ளையோடதா, இல்லையா? நல்லா பாத்துச் சொல்லுங்க."

அவர் வெகுநேரம் அந்தச் சேலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எம் மவளோடது" என்றார்.