ஐந்தாவதற்குச் சாட்சி

முதலில் எண்ணெய்க் குழாய் வந்தது; வயலில் மறித்தவர்களை அடித்தார்கள். இரண்டாவதாகக் கிணறு கறுத்தது. பரிசோதனை அறிக்கையைப் பூட்டி வைத்தார்கள். மூன்றாவதாக, எண்ணெய் வருமானம் எங்கே போகிறது என்று கேட்டவர்களைச் சிறையில் தள்ளினார்கள். நான்காவதாக அரசு எல்லையில் போர் தொடங்கியது. அன்றோடு எண்ணெய்ப் பேச்சு நின்றது.

ஐந்தாவது, இன்று காலை விவசாயிகள் சங்கப் பேச்சாளர் மாசிலாமணியின் போனில் வந்தது. எண்ணெய்ப் பணத்தை எதிரி நாட்டுக்குக் கடத்தியவன் உள்ளூர்க் கருவூல எழுத்தர் சூசையா என்றது செய்தி. கூடவே அவர் கையெழுத்திட்ட கடிதத்தின் படம். மாசிலாமணி அதை நாற்பது குழுக்களுக்கு அனுப்பினார்.

மாலையில் மண்ணெண்ணெய் டின்களோடு ஆட்கள் சூசையா தெருப்பக்கம் போவதைப் பார்த்தார். ஆசான் பூங்கோதையிடம் ஓடினார். சீடருக்கு வயது அறுபது, ஆசானுக்கு நாற்பது. பூங்கோதையின் கேள்விகளுக்குத் தப்பிச் சங்கத்தின் எந்த நோட்டீசும் அச்சுக்குப் போனதில்லை. அந்தக் கேள்விகளைக் கற்கத்தான் மாசிலாமணி அவரிடம் சேர்ந்திருந்தார். போனில் வருவது நோட்டீஸ் அல்ல என்று நினைத்துவிட்டார்.

“ஆசானே, நாலும் உண்மை. அஞ்சாவது மட்டும் எப்படிப் பொய்யாகும்?”

“ஒண்ணாவதுக்குச் சாட்சி யாரு, தோழர்?”

“என் முதுகு.”

“ரெண்டாவதுக்கு?”

“அந்தத் தண்ணியைக் குடிச்ச ஊரு.”

“மூணாவதுக்கு?”

“சிறைப் பதிவேடு. பதினாலு மாசம்.”

“எண்ணெயை மறைக்கத்தான் போருன்னு சொல்றீங்களே, அதுக்கு?”

“தேதி பொருந்துதே.”

“பொருந்துது. சாட்சி யாரு?”

மாசிலாமணி போனை நீட்டினார்.

ஆசான் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். “கடிதத்துல என்ன தேதி?”

“மூணு வருஷத்துக்கு முந்தி.”

“முத்திரையில என்ன மாவட்டம்?”

“கரியாறு மாவட்டம்.”

“அது பிரிஞ்சு எத்தனை நாளாச்சு? அதுக்காகப் பதினோரு நாள் பட்டினி கிடந்தவர் நீங்கதானே?”

போன தை மாதம்தான் அப்படி ஒரு மாவட்டமே பிறந்தது.

“பொய்யின்னு சொன்னா மத்ததையும் பொய்யிம்பாங்க. என்னையும் விடமாட்டாங்க.”

“விடமாட்டாங்க,” என்ற ஆசான் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சூசையாவின் வீடு உள்ளே தாழிட்டிருந்தது. கதவுக்குப் பின்னால் யாரோ இருமலை அடக்கினார்கள். வாசலில் இருநூறு பேர். எல்லோரும் மாசிலாமணியின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

“வாங்கண்ணே,” என்று ஒருவன் வழிவிட்டான். “நாங்களாக் கொளுத்தினா கலவரம்பாங்க. நீங்க படிச்சிட்டா தீர்ப்பு. துரோகி பேரைச் சத்தமாப் படிங்க.”

யாரோ சிரித்தார்கள். டின் மூடி திறக்கும் ஓசை கேட்டது.

மாசிலாமணி ஆசானின் காதருகே குனிந்தார். “எந்தப் பேரைச் சொல்ல?”

“சாட்சி இருக்கிற பேரை.”

மாசிலாமணி போனை உயர்த்திப் பிடித்தார். “இந்தக் கடிதம் பொய். எழுதினது யாருன்னு எனக்குத் தெரியாது. இதை இந்த ஊருக்குள்ள அனுப்பினவன் பேரைப் படிக்கிறேன். நீங்க இருநூறு பேரும் சாட்சி.”

படித்தார்.

“குப்பாண்டி மகன் மாசிலாமணி.”