இருமலைக் கேட்ட கரிச்சான்

சுனைக்காட்டில் அஞ்சனி என்றொரு கரிச்சான் குருவி இருந்தது. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லிவிடும். பருந்து போலக் கூவும், பூனை போலக் கத்தும். அந்தக் கோடையில் அது ஓயாமல் சொல்லிப் பழகியது இருமலை!

காடுகளில் அப்போது ஓர் இருமல் நோய் பரவியிருந்தது. யார் இருமினாலும் அஞ்சனி பக்கத்துக் கிளையில் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளும்.

"உனக்கு வேறு வேலையே இல்லையா?" என்று கேட்டது மயில். "ஊரெல்லாம் குயிலிடம் பாட்டுக் கற்கிறது. நீ நோயாளியிடம் இருமல் கற்கிறாயே!"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அஞ்சனிக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் மறுபடி விளக்கியது.

"இந்த நோய் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குத் தாவிக்கொண்டே போகிறது, மயிலே. போகிற வழியில் அதன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. உப்பங்கழிக் காட்டில் 'கக், கக்' என்று இருமுகிறார்கள். மலைக்காட்டில் 'கக், கக், கீச்'! அந்தக் கீச் எங்கே கேட்டாலும், மலை இருமல் அங்கே வந்துவிட்டது என்று அர்த்தம். எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் போகிறது, எல்லாம் அதிலேயே இருக்கிறது."

"அப்படியா!" என்றது மயில். "அது கிடக்கட்டும். கூடலுக்கு என் தோகை எடுப்பாக இருக்குமா, சொல்!"

கூடல் என்பது சுனைக்காட்டின் பெருமை. கோடையில் மற்ற காடுகளில் தண்ணீர் குறைந்துவிடும். சுனைக்காட்டில் மட்டும் குளமும் நிறைந்திருக்கும், ஓடையும் ஓடும். எல்லாக் காட்டு விலங்குகளும் அங்கே வந்து கூடும். காட்டின் தலைவரான வல்லான் என்ற காட்டெருமை, குளக்கரையில் நின்று அனைவரையும் வரவேற்கும்.

காட்டுக்கு வெளியே அஞ்சனிக்கு இரண்டு நண்பர்கள். மலைக்காட்டில் ஓர் இருவாச்சிப் பறவை, உப்பங்கழிக் காட்டில் ஒரு கொக்கு. அஞ்சனி அவர்களிடம் பறந்துபோய், தன் காட்டு இருமலைச் சொல்லி, அவர்கள் காட்டு இருமலைக் கேட்டு வரும்.

"கீச் பொல்லாதது, தங்கச்சி" என்றது இருவாச்சி. "எங்கள் குட்டிகளைக் கொண்டுபோய்விட்டது. எல்லாரும் ஒரே குட்டையில் வாய் வைத்ததுதான் காரணம். குட்டையை விட்டு ஓடைக்கு மாறினோம். இருமுகிறவர்களைத் தனியே வைத்தோம். அதன் பிறகே அடங்கியது."

அஞ்சனி திரும்பி வந்தபோது, மூங்கில் புதருக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

"கக், கக், கீச்!"

எட்டிப் பார்த்தது. வல்லானின் மனைவி! உடனே வல்லானிடம் பறந்தது.

"தலைவரே, உங்கள் வீட்டில் மலை இருமல்!"

"இருமலா? தொண்டையைச் செருமுகிறாள்!" என்றது வல்லான்.

"செருமினால் கீச் வருமா? நீங்கள் மலைக்காட்டுக்கு உப்பு நக்கப் போய் வந்தீர்களே, அங்கிருந்துதான் வந்திருக்கிறது."

"என் வீட்டுக்கு நோயா!" என்று கால்களை உதைத்தது வல்லான்.

மயில் குறுக்கே புகுந்தது. "வௌவால்கள் வேலைதான் தலைவரே! தலைகீழாகத் தொங்குகிறவர்களை நம்பலாமா?"

"ஐயோ! வௌவால்கள் இருமுவது பழைய கக், கக். கீச்சே கிடையாது. இதோ கேளுங்கள்!" என்று அஞ்சனி வௌவாலைப் போலவே இருமிக் காட்டியது.

யார் கேட்டார்கள்? அன்றைக்கே வௌவால்களைக் குகையிலிருந்து விரட்டினார்கள். வௌவால்கள் போயின. இருமல் போகவில்லை.

"இப்போதாவது குளத்தை மூடுங்கள்" என்று கெஞ்சியது அஞ்சனி.

"கூடல் முடியும்வரை வாயைத் திறக்காதே!" என்று உறுமியது வல்லான். "வெளியே தெரிந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். காட்டின் மானம் போய்விடும்!"

அஞ்சனிக்குத் தலையைக் கிளையில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உப்பங்கழிக் காட்டுக் குட்டிகள் துள்ளிக்கொண்டு வந்து அந்தக் குளத்தில் வாய் வைக்கும். அதை நினைத்ததும் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே கொக்கிடம் பறந்தது.

"அண்ணே, எங்கள் காட்டில் கீச் வந்துவிட்டது. குளத்தில் யாரும் வாய் வைக்க வேண்டாம். ஓடைத் தண்ணீர் குடிக்கலாம்."

கொக்கு போய்ச் சொன்னது. உப்பங்கழிக் காட்டார் ஓடை என்ற சொல்லைக் காதில் வாங்கவே இல்லை. வழியையே அடைத்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? நோய்க்கு 'சுனைக்காட்டு இருமல்' என்று பெயரும் வைத்தார்கள்!

"மலையிலிருந்து வந்ததற்கு எங்கள் பெயரா?" என்று கத்தியது அஞ்சனி. "சொன்னவர் தலையிலேயே கட்டுவீர்களா? இனி யார் அண்ணே வாய் திறப்பார்கள்?"

கொக்கு தலைகுனிந்தது.

செய்தி எட்டியதும் வல்லான் சீறியது. "காட்டிக்கொடுத்தவளே! இனி இந்தக் கரைப்பக்கம் வராதே!"

அஞ்சனி காட்டோரத்து மரத்துக்குப் போயிற்று. 'எக்கேடோ கெடட்டும்' என்று கண்ணை மூடிக்கொண்டது. ஆனால் காதை மூட முடியவில்லை. குளக்கரையில் கீச் பெருகிக்கொண்டே போனது. மான்குட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

ஒரு காலையில் தாய்மான் ஒன்று குட்டியுடன் அந்த மரத்தடிக்கு வந்தது.

"என் பிள்ளை இருமுகிறான். கீச்சா இல்லையா, கேட்டுச் சொல்!"

அஞ்சனி காதைத் தீட்டிக் கேட்டது. "கீச்தான். உடனே ஓடைக்குப் போ. அவனை மற்ற குட்டிகளோடு சேர்க்காதே."

அந்தக் குட்டி பிழைத்தது. அதைப் பார்த்து மற்ற தாய்மார்களும் மரத்தடிக்கு வந்தார்கள். கடைசியில் வல்லானும் வந்தது. அதன் கன்று ஒரு வாரமாக எழுந்திருக்கவில்லை.

"எனக்கும் இருக்கிறது" என்றது வல்லான் மெல்ல. பிறகு அத்தனை பேர் நடுவில் நின்று சத்தமாக இருமியது. "கக், கக், கீச்! நன்றாகக் கேள், அஞ்சனி. மலையிலிருந்து இதைக் கொண்டுவந்தவன் நான்தான்."

"இதை அன்றைக்கே இருமியிருந்தால்..." என்று வெடிக்கப் போன அஞ்சனி சட்டென்று நிறுத்திக்கொண்டது. எதிரே குட்டிகளை இழந்த மான்கள் நின்றிருந்தன. அவற்றின் முகத்தைப் பார்த்த வல்லான், கொம்பு மண்ணில் படக் குனிந்தது.

குளத்தை மூடினார்கள். கன்று தேறியது. வௌவால்களை அழைத்துவர மயிலே போக வேண்டியதாயிற்று. அவை வசவு முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் திரும்பின. உப்பங்கழிக் காட்டார் 'சுனைக்காட்டு இருமல்' என்ற பெயரை விட்டுவிட்டு, ஓடைக்கரையில் நடந்த கூடலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நோயை மறைக்கிறவரும், நோயைச் சொன்னவரைத் தண்டிக்கிறவரும் அந்த நோய்க்கே பல்லக்குத் தூக்குகிறார்கள்.