யாருடைய கழுத்து?

கோடை முற்றியதும் புளியங்காட்டுக் குளம் சேறாகிவிட்டது. இனி வேறு குளத்துக்குப் போயாக வேண்டும். எந்தக் குளம் என்று காட்ட, மயில் பாறைமேல் ஒரு படம் வரைந்தது. அதில் வடக்குக் குளம் வெளிர் நீலம். கிழக்குக் குளம் கருநீலம்.

"நீலம் எவ்வளவு அடர்த்தியோ, தண்ணீர் அவ்வளவு ஆழம்," என்றது மயில்.

"கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறதே!" என்றார் கரடித் தலைவர். "நாளைக் காலை எல்லாரும் கிழக்கே கிளம்புங்கள்."

மருதி என்ற மான் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் குட்டி பிறந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அது குளம் வரை ஒரு முறை நடந்துவிடும். ஏமாந்து திரும்பினால் இன்னொரு முறை நடக்காது.

"மயிலண்ணே, ஆழத்தை யார் அளந்தார்கள்?"

"யார் யாரோ அளந்து இலையில் குறித்துக் கொடுத்தார்கள். முழங்கால் என்று வந்ததற்கு வெளிர் நீலம் பூசினேன். கழுத்து என்று வந்ததற்குக் கருநீலம்."

"அந்த இலைகள் எங்கே?"

"படம்தான் முடிந்துவிட்டதே, குப்பை எதற்கு? வரையாட்டுக்குப் போட்டுவிட்டேன்."

"மருதிக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை, பாவம்," என்றது நரி. எல்லாரும் சிரித்தார்கள்.

மருதி காடு முழுவதும் விசாரித்துக்கொண்டே போனது. வடக்குக் குளத்தில் இறங்கி அளந்தது யானை.

"என் முழங்கால் வரைக்கும் இருந்தது, தாயி," என்றது அது.

கிழக்குக் குளத்தை அளந்தவர் யார் என்று கேட்டபோது, புதருக்குள்ளிருந்து ஒரு சுண்டெலி எட்டிப் பார்த்தது.

"நான்தான் அக்கா. கழுத்து வரைக்கும் தண்ணீர். பிழைத்து வந்ததே பெரும்பாடு!"

மருதி தலைவரிடம் ஓடியது. "தலைவரே, அது எலியின் கழுத்து."

கரடித் தலைவர் படத்தை உற்றுப் பார்த்தார். "இதில் எலி எங்கே இருக்கிறது?"

"எலியைப் போட்டால் படம் கெட்டுவிடும், தலைவரே," என்றது மயில்.

மறுநாள் கூட்டம் கிழக்கே போனது. மருதி குட்டியோடு யானையின் பின்னால் வடக்கே நடந்தது.

மூன்றாம் நாள், நாக்கு வறண்ட கூட்டம் தள்ளாடிக்கொண்டு வடக்குக் குளத்துக்கு வந்து சேர்ந்தது. கரையோரம் மருதியின் குட்டி துள்ளிக்கொண்டிருந்தது.

வயிறு நிறையக் குடித்த பிறகு தலைவர் சட்டம் போட்டார். "இனி எந்தப் படமானாலும், அது யாரால் வந்தது என்று கீழே எழுத வேண்டும்."

மயில் உடனே அதே படத்தைக் கரை மணலில் மறுபடி வரைந்து, கீழே கொட்டை எழுத்தில் எழுதியது: "வரைந்தது மயில்."

மருதி ஒரு சுள்ளியை வாயில் கவ்வி, அதன் கீழே சேர்த்தது: "முழங்கால், யானையுடையது. கழுத்து, சுண்டெலியுடையது."

ஒரு படம் எத்தனை அழகாக இருந்தாலும், அது யார் அளந்து, எப்படி உருவானது என்று தெரியாமல் அதை நம்பி நடக்கக் கூடாது.